லைட்டுக்காரரின் தனி கேன்

பால் கறக்கும்போது மாட்டின் மேல் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழணும் என்று கவலைப்பட்ட ஒரே மனுஷர், இந்த உலகத்திலேயே எங்கள் லைட்டுக்காரர்தான்.

மீனாட்சிபுரம் பக்கம் எங்கள் ஊர். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. ஃபாரினில் சினிமா வேலை பார்த்துவிட்டு வந்து மூன்று மாடு வாங்கியவர் அவர். "என்ன வேலைங்க?" என்று கேட்டால், "லைட்டுப் பக்கமுங்க" என்பார். அந்தப் பெயரே நின்றுவிட்டது. காலை ஆறு மணிக்குப் பால் ஊற்றுகிற வரிசைக்கு இஸ்திரிச் சட்டை, சென்ட். ரேஷன் கார்டுக்கு யாராவது போட்டோ எடுத்தால்கூட ஓடி வந்து மோவாயைத் திருப்பிவிடுவார். "நெத்தியில நெழலு விழுதுங்ணா. மூச்ச விட்டுட்டு நில்லுங்க." எங்கள் சொசைட்டி பிரசிடென்ட் ஃபிளெக்ஸ் போர்டில் மனுஷன் மாதிரி தெரிந்தது அவர் புண்ணியம்.

ஒருநாள் என் போனுக்கு ஒரு படம் வந்தது. ஆம்பளையும் ஆம்பளையும் மட்டுமே நடிக்கிற 'அந்த மாதிரி'ப் படம். அதில் நம்ம ஆள்! லைட்டுக்குப் பின்னால் இல்லை, முன்னால். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? பிரசிடென்ட் காதில் போட்டேன். அவர் ஊர் காதில் போட்டார்.

"அவன் பாலு நம்ம பாலோட கலக்கக் கூடாது" என்று கமிட்டி சொல்லிவிட்டது. அவருக்குத் தனி கேன். அதில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டது இந்தக் கைதான். எழுதவே கூசுது.

மறுநாள் வரிசையில் வந்த லைட்டுக்காரர் கேனைப் பார்த்தார்.

"இது எதுக்குங்ணா?"

நான் லாக்டோமீட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பிரசிடென்ட்தான் கத்தினார். "அந்தப் படத்துல இருக்கறது நீதானய்யா?"

"நானேதானுங்க. எனக்கு ஆம்பளைங்களத்தான் புடிக்கும், அவீங்களோடதான் நடிச்சேன். ஆனா பாலு மாட்டோடதுங்களே." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அதுல எம்மொகம் கடேசி ரெண்டு நிமிஷந்தானுங்க தெரியும். முக்கா மணி நேரம் ஆருங்க பொறுமையாப் பாத்தது?"

வரிசையே குனிந்து அவரவர் பால் தூக்குப்போசிக்குள் பார்த்தது. பிரசிடென்ட் விரலை என் பக்கம் நீட்டினார்.

லைட்டுக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நீங்களாங்ணா?" என்றார். போசியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயிண்ட் அடித்த கேன் கடைசிவரை காலியாகவே கிடந்தது.

இப்போது கோவிந்தாபுரத்தில் ஒரு டீக்கடைக்குப் பால் ஊற்றுகிறார் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனேன். ரெண்டு வார்த்தை மன்னிப்பு. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டீக்கடை பெஞ்சில் காத்திருந்தேன். டிவிஎஸ் மொபெட்டில் வந்து இறங்கினார். அதே இஸ்திரிச் சட்டை. எழுந்து நின்றேன்.

பால் கேனை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வெயிலு மூஞ்சில அடிக்குதுங்ணா. இப்படித் திரும்பி உக்காருங்க."

திரும்பி உட்கார்ந்தேன். அந்த மன்னிப்பை இன்னும் கேட்கவில்லை. ஆனால் வாரம் தவறாமல் பஸ் ஏறிவிடுகிறேன். அவர் பாலில் போட்ட டீதான் எனக்குத் தொண்டையில் இறங்குகிறது.