தொடாமலே ஷாக் அடித்தவன்

கரண்ட்டைத் தொடாமலே ஷாக் அடித்துத் துள்ளக்கூடிய பிறவி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அவன் கொல்லிமலைக் கல்லூரியில் என்னோடு இன்ஜினியரிங் படித்தான். பெற்றோரைத் தவிர எல்லாருக்கும் அவன் பெயர் ஷாக்கு.

அதே மலையில் குண்டனி நாடு என்கிற பகுதிக்காரன். மழையில் மிளகுத் தோட்டத்துக்குப் போட்டுப் போகிற முழங்கால் உயர ரப்பர் பூட்ஸோடுதான் மெஷின் லேபுக்கு வருவான்.

"இதென்னடா வேஷம்?" என்றார் லேப் சார்.

"கரண்டு மனுசன் காலு வழியாத்தானுங்க சார் பூமிக்குப் போவுது. என் காலு வழியாப் போக வேண்டாமுங்க."

ஈரத்தலையோடு வந்த பெண்களை வாசலிலேயே மறித்தான். ஒருவனை இழுத்துப்போய் வெள்ளி அரைஞாணை அவிழ்க்க வைத்தான். ஒருமுறை பார்வையிட வந்த பிரின்சிபாலிடமே, "வாட்ச்சக் கழட்டிருங்க சார், வெந்து போயிருவீங்க" என்றான். பிரின்சிபால் கழற்றினார். அதற்குப் பிறகு அவர் லேப் பக்கம் வந்ததாக ஞாபகம் இல்லை.

சிரித்தோமே தவிர, பயம் எங்களுக்கும் இருந்தது. மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே புகுந்துவிடும். சுவர் வியர்க்கும். ஈரத்தரையில் நின்று ஒயரைத் திருகும்போது செருப்பு காய்ந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்வேன். ஷாக்கு பயத்தை வாய்விட்டுச் சொன்னான், நான் சொல்லவில்லை.

அப்படி ஒரு மழை மதியம். டிசி மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஃபீல்டு ஒயர் என்று ஒன்று உண்டு. ஓடும்போது அது கழன்றால் மோட்டாரின் வேகம் அடங்காது, ஏறிக்கொண்டே போகும்.

"ஃபீல்டு ஒயர் இறுக்கமா இருக்குதா?" என்றான் ஷாக்கு.

"இருக்குடா. உயிரை வாங்காதே" என்றேன்.

இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பழைய திருகின் மரை தேய்ந்திருந்தது யாருக்கும் தெரியாது. மோட்டார் அதிர்ந்ததில் ஒயர் நழுவி விழுந்தது.

முனகிக்கொண்டிருந்த மோட்டார் ஊளையிட ஆரம்பித்தது. மேஜை குதித்தது. கருகல் வாடை வந்தது. போனில் வீடியோ எடுத்தவன் போனைப் போட்டுவிட்டு ஓடினான். எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். எனக்குக் கால் அசையவில்லை. சுழலும் இரும்பு எந்த நொடி பிய்த்துக்கொண்டு என் மேல் பாயுமோ என்று அதையே வெறித்தபடி நின்றேன்.

"மெயினை ஆஃப் பண்ணுங்கடா!" கோடியிலிருந்து சார் கத்தினார்.

மெயின் சுவிட்ச் மோட்டாருக்கு அந்தப் பக்கம். அதை உரசிக்கொண்டு போனால்தான் எட்டும். "அய்யோ, சாமி!" என்று அலறிக்கொண்டே ஒருவன் என்னைத் தாண்டி ஓடினான். ஷாக்கு! கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் சுவிட்சைப் பிடித்துத் தொங்கினான்.

லேப் இருண்டது. ஊளை மெல்ல மெல்ல அடங்கியது. நன்றி சொல்லத் திரும்பினால் ஆளைக் காணோம். பின்கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அலறலை நிறுத்தாமலேயே ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டானாம்.

மறுநாளும் வரவில்லை. அவன் ஊருக்கு பஸ் பிடித்தேன்.

"வா கண்ணு," என்றார் அவன் அம்மா. "நேத்து வந்ததுல இருந்து போத்திட்டுப் படுத்திருக்கான். காய்ச்சலும் காணோம். காலேசுல பேயி கீயி அடிச்சிருச்சா?"

கம்பளி நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து குரல் வந்தது: "யாருக்காச்சும் அடிபட்டுச்சாடா?"

"இல்லை."

"உனக்கு?"

"இல்லைடா."

தலையை நீட்டி என்னைப் பார்த்தான். "அப்புறம் எதுக்குடா அழுவறே?"

அவன் கேட்ட பிறகுதான் நான் அழுவது எனக்கே தெரிந்தது. அவன் சுவரோரம் நகர்ந்து, கம்பளியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தான்.