உங்கள் தங்கை வானத்துக்கு அனுப்பிய என் போன்

நெய்வேலி,
2016 மார்ச், புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் சண்முகசுந்தரம் அவர்களுக்கு,

ஜெயராமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை சந்திராவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே பெங்களூரில் நீங்களும் அக்காவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் உங்கள் வீட்டில் யாரும் பலூன் விடுவதில்லை. போனில் பேசுவதை விட்டுவிட்டுக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். என் போன் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. அது அங்கே போய்ச் சேர்ந்த கதைதான் இந்தக் கடிதம். உங்கள் தங்கையின் போன் வீட்டில்தான் இருக்கிறது. அதை அவளிடம் கேட்டு வாங்குகிற நிலைமையில் நான் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் அறிவியலுக்கு விரோதி அல்ல. இருபத்தாறு வருஷமாகச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைப் பழுதுபார்த்துச் சாப்பிடுகிறவன். சந்திரா பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள் என்பதும் எனக்குத் தெரியும்; நாங்கள் பெண் பார்க்க வந்தபோது காபி வருவதற்கு முன்பே நீங்கள் அதைச் சொல்லிவிட்டீர்கள். மகள் காயத்ரி கல்யாணமாகிப் போன பிறகு அவளுக்குப் பொழுது போகவில்லை, அதுவும் நியாயம்தான். பொழுது போகாதவர்கள் தையல் கற்றுக்கொள்கிறார்கள், பஜனைக்குப் போகிறார்கள், எங்கள் பிளாக்கில் ஒரு அம்மாள் பூனை வளர்க்கிறாள். ஒரு தெர்மாகோல் பெட்டியை முப்பது கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, அங்கே எவ்வளவு குளிர் என்று பார்த்துவரச் சொல்கிறவள் இந்த டவுன்ஷிப்பில் உங்கள் தங்கை ஒருத்திதான். அதற்கு வேண்டிய பலூனைக் கூரியரில் அனுப்பியவர் நீங்கள். மாதக்கணக்காக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அண்ணனும் தங்கையும் போனில் குசுகுசுவென்று பேசினீர்களே, ஊர் நிலத்தைப் பங்கு பிரிக்கிற பேச்சு, நாம் நடுவில் உட்காரக் கூடாது என்று நான் மரியாதையாக எழுந்து வராந்தாவுக்குப் போய்க் கொசுக்கடியில் நின்றேன். நீங்கள் பேசியது காற்றடிக்கிற திசையைப் பற்றி என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பார்சலை வாங்கிப் பிரித்தது நான்தான். மாவு தடவிய வெள்ளை ரப்பர் ஒன்று மடித்து வைத்திருந்தது. யானைக்குக் கையுறையா என்று தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சந்திரா அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "வெறுங்கையால தொடாதீங்க, கை எண்ணெய் பட்டா மேல போய் வெடிச்சிரும்" என்று என் கையிலிருந்து பிடுங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து என் கையில் எண்ணெய் இருப்பதாக அவள் சொன்னதில்லை. அதன் பிறகு வீடு வீடாக இல்லை. நான் ஊரிலிருந்து ஆசையாக வாங்கிவந்த பெரிய கறுப்புக் குடையைப் பாராசூட்டுக்காக வெட்டிவிட்டாள். கேட்டால், "இப்ப என்ன மழையா பெய்யுது" என்கிறாள். அந்தப் பாராசூட்டை மொட்டை மாடியிலிருந்து போட்டுப் பார்த்ததில், கீழ் வீட்டு வெள்ளைச்சாமியின் மனைவி காயவைத்திருந்த கூழ்வற்றல் நடுவில் பெட்டி போய் உட்கார்ந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவன் நான். அந்த அம்மாள் மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கோலம் போட்டாள்.

அடுத்தது ஃபிரிட்ஜ். மேலே பயங்கரக் குளிராம், அதனால் பெட்டியில் போகிற சாமான் எல்லாம் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி தாக்குப்பிடிக்க வேண்டுமாம். பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்வதற்காக நீங்கள் பெருமையாக அனுப்பினீர்களே ஒரு கருவி, அது விடிவதற்குள் செத்துப்போயிற்று. மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது என் போனைக் காணோம். வீடெல்லாம் தேடினால் எங்கிருந்தோ நாதஸ்வரம் கேட்கிறது. அது என் ரிங்டோன். ஃப்ரீசரைத் திறந்தால், மீனுக்குப் பக்கத்தில் என் சாக்ஸுக்குள் இருந்து போன் அடித்துக்கொண்டிருக்கிறது. எடுத்துக் காதில் வைத்தேன், காது ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற உங்கள் தங்கை என் காதைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாள். "நல்லா வேலை செய்யுதே" என்றாள். அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மைதானத்துக்குக் காரை எடுக்கச் சொன்னாள். டிக்கியில் பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஹீலியம் சிலிண்டர். பலூன் ஊத ஊத ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்து ஆட ஆரம்பித்தது. எனக்கு வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டு அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். வாக்கிங் வந்த அத்தனை பேரும் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருவர் என்னிடம், "எந்தக் கடை திறப்பு விழா சார்?" என்று கேட்டார். இன்னொருவர் எலெக்‌ஷனுக்கா என்றார். வெள்ளைச்சாமி எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிற்றோடு வந்து, "முதல் தடவை போகுது, கண்ணு படக் கூடாது, கட்டித்தான் விடணும்" என்று பிடிவாதம் பிடித்தார். சந்திரா அதை வாங்கி, கையோடு கொண்டுவந்திருந்த சமையலறைத் தராசில் வைத்து, எடை கூடுகிறது என்று சொல்லி, "அரை எலுமிச்சம்பழம் போதுமா அண்ணே?" என்று கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்து, போதும் என்றார். நான் நின்றுகொண்டிருந்த நிலைமையைப் பாருங்கள் மச்சான், டவுன்ஷிப்பே பார்க்க, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பலூனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அரை எலுமிச்சம்பழத்துக்குச் சாட்சியாக.

"விடுங்க" என்றாள். விட்டேன். போயிற்று. அது போன விதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. புள்ளியாகிற வரைக்கும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், நானும் கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்தேன், அவ்வளவுதான். அதன் பிறகுதான் மணி பார்க்கச் சட்டைப் பையில் கை விட்டேன். போனைக் காணோம். இந்தப் பை, அந்தப் பை என்று தடவிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பைப் பார்த்தபடியே சந்திரா சொன்னாள்: "பையில தேடாதீங்க. மேல இருக்கு."

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் காரை எடுத்தேன். அவள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வடக்கே போங்க, நேரே போங்க என்றாள். செத்துப்போன கருவிக்குப் பதிலாக, பெட்டி இருக்கிற இடத்தைச் சொல்லி என் போனிலிருந்து அவள் போனுக்கு வந்துகொண்டிருந்த செய்தி நின்றுபோனது. கடற்கரையில் விழுந்தால் இனி என் போனில் சுண்டல் விற்கிறவன்தான் பேசுவான் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். பண்ருட்டியில் பலாப்பழ லாரிகளுக்கு நடுவே காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று வானத்தைப் பார்த்தாள். இந்த அம்மாள் எதைப் பார்க்கிறாள் என்று ஒரு பூக்காரி பார்த்தாள். அப்புறம் பஸ் டிரைவர் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பண்ருட்டி கடைத்தெருவே அண்ணாந்து நின்றது. பின்னால் ஹாரன். டிராஃபிக் போலீஸ்காரர் வந்து என் ஜன்னலைத் தட்டி, "மேல இன்னா சார்?" என்றார். "என் போன்" என்றேன். அவர் என் வாயை மோந்து பார்த்தார், மச்சான். ஏகாதசி, சனிக்கிழமை பார்க்கிறவன் வாயை.

அப்போது செய்தி வந்தது. பெட்டி நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கியிருக்கிறது. சந்திரா என் தோளைப் பிடித்து உலுக்கி, "உசிரோட இருக்கு" என்றாள். எனக்கு டைபாய்டு வந்து இறங்கினபோதுகூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

அங்கே நடந்ததைக் கேளுங்கள். சுரங்கத்தில் அன்றைக்குப் பார்த்து ஒரு பெல்ட் அறுந்துவிட்டது. லீவு நாளென்றாலும் கூப்பிட்டால் போக வேண்டியவன் நான். ஷிப்ட் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். வானத்தில் இருந்தவரைக்கும் தொடர்பு இல்லை. தரையைத் தொட்டதும் கரும்புக்குள்ளிருந்து நாதஸ்வரம் கேட்க ஆரம்பித்திருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு, உள்ளே யாரும் தெரியவில்லை, நாதஸ்வரம் மட்டும் நிற்கிறது, தொடங்குகிறது, நிற்கிறது. களை எடுத்துக்கொண்டிருந்த ராஜாம்பாள் என்கிற அம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தவள். கறுப்புத் துணி, வெள்ளைப் பெட்டி, ஒயர், அரை எலுமிச்சம்பழம். பாதிப் பேர் கும்பிட்டார்கள். பாதிப் பேர் குண்டு என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து துணிச்சலாகப் போனை எடுத்திருக்கிறார். "யோவ் ஜெயராமா, எங்கய்யா போய்த் தொலைஞ்ச" என்று இன்ஜினியர் கத்த, இவர் "போலீஸ் பேசறேன், இந்த ஜெயராமன் யாரு, இன்னா வேலை செய்யறாரு, எத்தினி நாளா பழக்கம்" என்று விசாரிக்க, நான் போய்ச் சேர்வதற்குள் சுரங்கம் முழுக்க ஜெயராமனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று பரவிவிட்டது.

தோட்டக்காரர் வைத்திலிங்கம் வரப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கரும்பை மிதித்துத் தள்ளியிருந்தது. "ஆலையிலேர்ந்து வெட்டு உத்தரவு வர்ற நேரம் சார். வுழுந்தது உங்க பொட்டி, அது பூ மாதிரிதான் வந்து எறங்குச்சு. அதப் பாக்க வந்த பசங்கதான் எல்லாத்தையும் சாச்சிக்கினு போய்ட்டானுங்க. நான் யாரப் போய்க் கேக்கறது?" என்றார். அவரோடு சேர்ந்து சாய்ந்த கரும்பையெல்லாம் நிமிர்த்திக் கட்டினேன். நல்ல சட்டை, உள்ளங்கை முழுக்கக் கீறல். அந்த நேரம் உங்கள் தங்கை எங்கே? ஸ்டேஷனில், நாற்காலியில். விமான நிலையத்தில் கேட்டு, மாவட்ட ஆபீசில் கேட்டு, அனுமதி எல்லாம் முறையாக வாங்கித்தான் வைத்திருக்கிறாள். இன்ஸ்பெக்டர் கடலூருக்குப் பேசி, சரி என்று தெரிந்துகொண்டு, டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு மேலே ஏன் வானம் கறுப்பாக இருக்கிறது, பலூன் ஏன் வெடிக்கிறது என்று கேள்வி மேல் கேள்வி. ராஜாம்பாளும் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம். "அங்க யாருமே இல்லியாம்மா? ஒரு குருவிகூடவா?" என்று கேட்டாளாம். இல்லை என்றதும், "பாவம் அந்தப் பொட்டி" என்றாளாம்.

நான் சேறும் கரும்புச் சோகையுமாக ஸ்டேஷனுக்குள் போனேன். இன்ஸ்பெக்டர் என்னைக் காட்டி, "சாருக்கு இதுல இன்னா வேலைங்க?" என்று கேட்டார். உங்கள் தங்கை ஒரு கணம்கூட யோசிக்காமல், "அவரு டிரைவர் சார்" என்றாள்.

மச்சான், குடை போனது போகட்டும். மீனோடு என் சாக்ஸ் கிடந்தது போகட்டும். குண்டு என்று வந்த புகாரை எழுதி முடிக்கிற வரைக்கும் போன் அங்கேயே இருக்கிறது, அதுவும் ஒருநாள் வந்துவிடும். இன்ஜினியரிடம் நின்று பதில் சொல்ல நான் பட்ட பாட்டை என் எதிரிகூடப் படக் கூடாது, அதையும் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அண்ணனுக்குத் தெரியும், ஆபீசருக்குத் தெரியும், விமான நிலையத்துக்குத் தெரியும்; எனக்கு மட்டும் பார்சல் வரும் வரைக்கும் பலூன் தெரியாது, பலூன் போகும் வரைக்கும் போன் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வேண்டாம்னுதான சொல்வீங்க" என்றாள். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அதைச் சொல்லுகிற வாய்ப்பை ஒரு மனுஷனுக்குக் கொடுக்க வேண்டாமா? பெட்டிக்குள் இருந்த கேமரா எடுத்த படங்களை ஸ்டேஷனில் ஏட்டு முதற்கொண்டு எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அன்று ராத்திரியே உங்களுக்கும் அனுப்பிவிட்டாளாம். என்னைக் கூப்பிட்டுக் காட்ட வந்தாள், நான் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி அவள் கூப்பிடவில்லை. இப்போது ரசம் வேண்டுமா, மோர் வேண்டுமா என்பதோடு எங்கள் பேச்சு நிற்கிறது.

ஆகையால் என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். இந்த மாதக் கடைசிக்குள் நீங்கள் நேரில் புறப்பட்டு வந்து, என் எதிரில், உங்கள் தங்கையிடம், இனிமேல் இந்த வீட்டிலிருந்து எதுவும் மேலே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நீங்கள் எனக்கு மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்களுக்கு வணக்கம் சொல்ல மனசு வரவில்லை. இருந்தாலும் வயதில் மூத்தவர் என்பதால் சொல்லிக்கொள்கிறேன். குழந்தைகள் நீண்ட ஆயுளோடு, தரையிலேயே, நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு குறைந்த
ஜெயராமன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். நீங்கள் வர வேண்டாம். நேற்றுச் சந்திரா மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது லேப்டாப்பைத் திறந்து படங்களைப் பார்த்துவிட்டேன். மேலே நல்ல கறுப்பு, நடுவில் மெல்லிசாக ஒரு நீலம், கீழே கடற்கரை வளைந்து போகிறது. நான் இருபத்தாறு வருஷமாக இறங்கி ஏறுகிற சுரங்கம், எத்தனை பெல்ட் போட்டாலும் முடியாத அந்தப் பள்ளம், சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கிறது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பாதிப் படங்கள் கலங்கல். பெட்டி சுழன்றிருக்கிறது. பாராசூட்டுக்கு நடுவில் ஒரு ஓட்டை விட்டு, கயிற்றில் ஒரு சுழல் கொக்கி மாட்டியிருந்தால் சுழன்றிருக்காது. உங்கள் தங்கைக்குப் பௌதிகம் தெரியும், கொக்கி தெரியாது. ஆகையால் அதே மாதிரி பலூன் ஒன்று, கிடைத்தால் ஒரு அளவு பெரியதாக, உடனே அனுப்பவும். வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், ஷிப்ட் ஆபீசுக்கு, என் பெயருக்கு. சந்திராவிடம் இப்போதைக்கு மூச்சு விட வேண்டாம். பார்சல் மேல் கொசுவலை என்று எழுதிவிடுங்கள். பெங்களூரிலிருந்து எனக்குக் கொசுவலை வருகிறது என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டேன்; இரண்டு பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள்.