சூப்பர்வைசர் மாப்பிள்ளையின் பாலம்

"என்னங்க, இதுதானே உங்க பாலம்?" என்று மனைவி தோளைப் பிடித்து உலுக்கியபோது சூப்பர்வைசர் மாப்பிள்ளைக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை. பஸ் நின்றிருந்தது. "எல்லாரும் இறங்குங்க" என்று டிரைவர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, காலைப் பனிக்கு நடுவே, இரண்டு குன்றுகளுக்கிடையில் ஒரு தொங்கு பாலம் தெரிந்தது.

"இதேதான்" என்றார். வேறென்ன சொல்வார்?

உண்மையில் அவர் சூப்பர்வைசரே இல்லை. பிஸ்கட் கிடங்கு ஒன்றில் பொறுப்பாளர். அதற்கு முன்னால், படிப்பு முடிந்து மூன்று வருஷம் வீட்டில் போர்த்திப் படுத்திருந்தவர். பெண் பார்க்கப் போன இடத்தில், "அந்த மூணு வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று மாமனார் கேட்டுவிட்டார். மாமனாரின் தலைக்குப் பின்னால் ஒரு காலண்டர். அதில் ஒரு தொங்கு பாலம், அடியில் ஊர்ப் பெயர். "அந்தப் பாலத்துல சூப்பர்வைசரா இருந்தேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கல்யாணம் முடிந்தது.

பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் போய்விட்டார்கள். மனைவி மட்டும் அந்தப் பாலத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த வருஷம் அவள் தன் அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம் என்று ஒரு பட்டாளத்தைத் திரட்டி, பஸ் பேசி, "எங்க வீட்டுக்காரர் பாலத்தைப் பார்க்கப் போறோம்" என்று கிளப்பிவிட்டாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம் வந்தது. குட்டு உடைந்தால் அந்த முகத்தில் எப்படி விழிப்பது?

மச்சான் முதலில் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாலத்தை மேலும் கீழும் பார்த்தார். தங்கையின் கணவரை இன்றைக்கு வரை முழுசாக நம்பாத ஒரே மனிதர் அவர்.

"என்ன மாப்பிள்ளை, கீழே கப்பல் போகும்னு சொன்னீங்க?"

கீழே ஓர் ஓடை இருந்தது. அதில் வாத்துகள் நடந்து போய்க்கொண்டிருந்தன.

"இது கோடை, மச்சான். மழைக்காலத்துல வந்து பாருங்க."

"மழைக்காலத்துல கப்பல் வருமா?"

"சின்னக் கப்பல்."

"மேல லாரி போகும்னீங்களே? எதிர்ல ஓர் ஆள் வந்தாலே நாம பின்னால போகணும் போலிருக்கு!"

"குளிருக்குக் கம்பி சுருங்கும். கம்பி சுருங்கினா பாலமும் ஒடுங்கும். அந்த வேலையில இருந்தவங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"கோடைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"குளிர்ற கோடை" என்றார்.

மச்சான் போனை எடுத்து என்னவோ தேடினார். சிக்னல் இல்லை. அன்றைக்கு மாப்பிள்ளைக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அது.

பட்டாளம் பாலத்தில் ஏறியது. முன்னால் நடக்கிறவர் சூப்பர்வைசர் மாதிரி நடக்க வேண்டாமா? கம்பியைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், திருப்தியாகத் தலையாட்டினார். ஒரு நட்டைத் திருகிப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது. யாரும் கவனிக்குமுன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.

"அத்தான், மொத்தம் எத்தனை கம்பி?" என்று கொழுந்தியாள் பின்னாலிருந்து கேட்டாள்.

இனி இங்கே நிற்பது ஆபத்து என்று பட்டது. "பாலத்தை எப்ப வேணா பார்க்கலாம். நான் தங்கியிருந்த ரூமைப் பார்க்க வேண்டாமா?" என்று எல்லாரையும் அக்கரைத் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு சலூன். அதற்கு மேல் பச்சை ஜன்னல் வைத்த ஒற்றை அறை, பூட்டிக் கிடந்தது. பூட்டிய அறை எதிர்த்துப் பேசாது. "அதோ, அதுதான்" என்று கை காட்டினார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்கேயா தனியா இருந்தீங்க!" என்றவள், அவர் தடுப்பதற்குள் சலூனுக்குள் நுழைந்துவிட்டாள்.

சலூன்காரர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"அண்ணே, இவர் ரொம்ப வருஷத்துக்கு முன்னால உங்க மேல் ரூம்ல தங்கியிருந்தார். பாலத்துல சூப்பர்வைசர்."

இல்லை என்று சொல்லிவிடுவாரே என்று மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். சலூன்காரர் கத்தியைக் கையில் பிடித்தபடி மெல்ல அருகே வந்தார்.

"பாலத்து சூப்பர்வைசரா? எங்க அக்காவைக் கட்டிக்கிறேன்னு நாள் குறிச்சிட்டு, ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போனது நீதானா?"

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வாடிக்கையாளரும் திரும்பிப் பார்த்தார்.

"அது நான் இல்லீங்க" என்றார் மாப்பிள்ளை. "வேற சூப்பர்வைசரா இருக்கும்."

"அந்த ரூம்ல தங்கின சூப்பர்வைசர் ஒரே ஒருத்தன்தான். அக்கா! இங்க கொஞ்சம் வா!"

உள்ளேயிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அக்கா வந்தாள், பின்னால் அவள் கணவர். மாப்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இவரேதான். இந்த மூக்கை மறக்க முடியுமா?" என்றாள். வழுக்கையையும் தொப்பையையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "நல்ல வேளை, தப்பிச்சேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"அதனாலதான் வேலையை விட்டுட்டு வந்தீங்களா?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பார். எந்த முகத்துக்காக இத்தனை வருஷம் பொய் சொன்னாரோ, அந்த முகம் வாடிப்போய் நின்றது. அவரால் பொறுக்க முடியவில்லை.

"நான் சூப்பர்வைசரே இல்ல!" என்று கத்தினார். "அந்த மூணு வருஷமும் வீட்டுல தூங்கிட்டிருந்தேன். உங்க அப்பா தலைக்குப் பின்னால தொங்கின காலண்டரைப் பார்த்து அளந்துவிட்டேன். இந்த ஊர்ல இன்னைக்குத்தான் முதல்தடவை கால் வைக்கிறேன்!"

மச்சான் சிரித்தார். "கப்பல் எப்ப வரும்னு தெரியும். கம்பி எப்ப சுருங்கும்னு தெரியும். ரூமுக்கு எந்த ஜன்னல்னு தெரியும். ஆனா ஊருக்கே வந்ததில்ல! யார்கிட்ட காது குத்துறீங்க, மாப்பிள்ளை?"

"சத்தியமாச் சொல்றேன்!"

"எங்க அக்காகிட்டயும் இப்படித்தான் சத்தியம் பண்ணினே" என்றார் சலூன்காரர்.

மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பொய்யை ஊரே நம்பியது, உண்மையை நம்ப ஓர் ஆள் இல்லை. நான் பொய்யன்தான் என்று சொல்ல ஒரு சாட்சி கிடைக்காதா என்று மாப்பிள்ளை தவித்துப் போனார்.

அப்போது கை நிறைய கிரீஸோடு டிரைவர் வாசலில் தலையை நீட்டினார்.

"எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா? டயர் மாத்தியாச்சு, வந்து ஏறுங்க. சார் வேலை பார்த்த ஊருக்கு இன்னும் பாதித் தூரம் போகணும்!"