ஏர்கோன் அண்ணனும் நாலு ஆல்பமும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் இசைப் பக்கம் எழுதும் விமர்சகர் ஐயா, நீங்கள் பாட்டைக் கேட்காமலே விமர்சனம் எழுதுகிறீர்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொல்கிறேன். ஆனால் முதலில் வாசகர்களுக்கு ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

பினாங்கில் பாடுகிற எல்லோருக்கும் பாராட்டு வேண்டும். தன்னைத் திட்டி எழுத ஓர் ஆள் கிடைக்கமாட்டாரா என்று ஏங்கிய ஒரே பாடகர் எங்கள் ஏர்கோன் அண்ணன்தான். சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. அது அவர் மனைவிக்கே சட்டென்று ஞாபகம் வராது.

வீடு வீடாகப் போய் ஏர்கோன், அதாவது ஏ.சி., ரிப்பேர் செய்வது தொழில். மற்ற நேரமெல்லாம் தமிழில் ராக். எழுதுவது, மெட்டுப் போடுவது, கித்தார் வாசிப்பது, தொண்டை கிழியப் பாடுவது எல்லாம் அவரே. டிரம்ஸ் மட்டும் நான். திறமையைப் பார்த்துச் சேர்க்கவில்லை. ஆயர் ஈத்தாமில் அவர் இருக்கும் ஃபிளாட்டில் அவருக்கு நேர் கீழ் வீடு என்னுடையது. ஓடி ஒளிய வழியில்லை.

அவர் பாட்டில் நிலா இருக்காது, காதலி இருக்கமாட்டாள். லிப்ட் ரிப்பேர், ஒழுகும் சீலிங், பினாங்குப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு மூத்திரம் முட்டுகிற மனிதன், இவைதான் விஷயம். குரல் பழைய கம்ப்ரசர் மாதிரி. எனக்கு இன்றுவரை பிடித்ததில்லை.

ரெக்கார்டிங் நடப்பது வாடிக்கையாளர் வீட்டுப் படுக்கையறையில். ரிப்பேர் முடிந்ததும் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மைக்கை எடுப்பார்.

"தம்பி, ஏர்கோன் ஓடுதுல்ல? இன்னும் என்ன செய்றீங்க?"

"டெஸ்டிங் லா, அக்கா. மைக்ல சத்தம் விழலன்னா மெசின் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஒரே ஒரு சரணம்."

இதை நம்பியவர்கள் இருக்கிறார்கள். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு அக்கா இவரை நம்பி வீட்டில் விட்டுவிட்டுப் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டார். உள்ளே இவர் உச்சத்தில் பாடியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் துடைப்பத்தோடு வந்து கதவை இடித்தார்கள்.

"யாரு உள்ள? யாரைப் போட்டு அடிக்கிற?"

"யாரையும் அடிக்கல லா. இது பல்லவி!"

அந்த இடி முதல் ஆல்பத்தில் அப்படியே இருக்கிறது. என் டிரம்ஸைவிட அதில் தாளம் சரியாக விழுந்திருக்கிறதாம். அவர்தான் சொன்னார்.

முதல் ஆல்பத்தை ஊர் வழக்கப்படி மண்டபத்தில் வெளியிட்டோம். நம் வெளியீட்டு விழாக்கள் தெரிந்ததுதானே. குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, முதல் பிரதி வாங்க ஒரு பிரமுகர், அவர் பேச்சு, அவரைப் புகழ்ந்து இன்னொருவர் பேச்சு, பிறகு சாப்பாடு. பாட்டுக்கு மட்டும் நேரம் இருக்காது. அடுத்த ஞாயிறு அண்ணன் என்னைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு இழுத்துப் போய்ப் பத்திரிகையை விரித்தார். பிரமுகர் பெயர் இருந்தது. பொன்னாடை நிறம் இருந்தது. கோழிப் பிரட்டல் சுவையாக இருந்ததாகவும் இருந்தது.

"டேய், பாட்டு எங்கடா?"

"கோழிக்குக் கீழ பாருங்கண்ணே."

கீழே சோப்பு விளம்பரம். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நல்லா இல்லன்னாவது எழுதக்கூடாதா? அதுக்கும் ஒரு தடவ கேக்கணுமே லா."

இரண்டாவது ஆல்பத்துக்கு விழாவே வேண்டாமென்று பத்திரிகை அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். 'இந்த இளைஞரின் முயற்சியை நாம் ஆதரிக்க வேண்டும்' என்று விமர்சனம் வந்தது. அதைப் படித்தபோது அவர் முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதுக்கு மறுபடி மண்டபம். பிரமுகர் வரத் தாமதம். அதுவரை மண்டபத்து ஆள் தன்னிடமிருந்த பக்திப் பாட்டுகளை ஓடவிட்டார். விமர்சகர் ஐயா, நீங்கள் அதைக் கேட்டபடி சாப்பிட்டீர்கள், கை கழுவினீர்கள், கிளம்பிவிட்டீர்கள். ஞாயிறன்று எழுதினீர்கள்: 'நெஞ்சை உருக்கும் பக்தி இசை.'

அதைப் படித்துவிட்டு ஒரு கோயில் கமிட்டித் தலைவர் போன் செய்தார். "பேப்பர்ல பார்த்தேன் தம்பி, உருக்கிட்டீங்களாம். நம்ம திருவிழாவுக்கு வந்து பாடணும்."

"வேணாம்ணே, உதைப்பாங்க" என்றேன் நான்.

"உதைக்கிறதுக்காவது கேக்கணும்ல? வா."

போனோம். பாட்டின் முதல் அடியிலேயே, கும்பிட்டபடி உட்கார்ந்திருந்த கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. தலைவர் விநாயகர் சன்னதிப் பக்கம் போனவர் திரும்பவே இல்லை. ஆனால் தலைவரின் மனைவி முன்வரிசையில் கடைசிவரை அசையாமல் இருந்தார். முடிந்ததும் மேடைக்கே வந்தார்.

"தம்பி, அந்த லிப்ட் பாட்டு ரொம்ப நீளம். நீங்க பாடி முடிக்கிறதுக்குள்ள லிப்டையே ரிப்பேர் பண்ணி முடிச்சிடுவாங்க. அந்தப் பாலத்துப் பாட்டு பரவால்ல. எங்க வீட்டுக்காரர் பாடு அப்படியேதான்."

அண்ணன் அந்த அம்மாவின் காலில் விழாத குறை. வேனில் வரும்போது ஸ்டீரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தார். "கேட்டிருக்காங்கடா! நீளம்னு சொல்லிட்டாங்கடா!" மறுநாளே லிப்ட் பாட்டைப் பாதியாக வெட்டினார். பல வருஷம் பாடியதற்குக் கிடைத்த ஒரே விமர்சனம். அதுவும் கணவரைக் காணாமல் காத்திருந்த ஓர் அம்மாவிடமிருந்து.

இப்போது நான்காவது. இந்த வருஷம் வந்தது. இதற்குத்தான் ரொம்ப உழைத்தார். பென்டிரைவில் போட்டு உங்கள் அலுவலகத்தில் கொடுத்தார், எனக்கும் ஒன்று கொடுத்தார். ஞாயிறன்று பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி வந்தார். லிப்ட் அன்றும் ஓடவில்லை.

"எல்லாப் பாட்டுப் பேரும் போட்டிருக்காருடா! முந்தின ஆல்பத்தவிட முதிர்ச்சியாம். குரல்ல நிதானம் வந்திருக்காம்!"

அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். உங்கள் எழுத்தை வெட்டி வேனில் கண்ணாடிக்குக் கீழே ஒட்டினார். ஏர்கோன் கழுவப் போன இடத்திலெல்லாம் வாசித்துக் காட்டினார்.

அந்த வாரம் வேலைக்குப் போகும்போது என் பென்டிரைவைக் காரில் சொருகினேன். சத்தமே இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். பெயர்கள் வரிசையாக வந்தன, ஒரு பாட்டும் ஓடவில்லை. மேலே போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் மனைவி ஆபீஸ் வேலை பார்ப்பவர், வாங்கிப் பார்த்தார்.

"என்னங்க, பேர மட்டும் காப்பி பண்ணியிருக்கீங்க. உள்ள பாட்டே இல்ல."

"அவருக்குக் கொடுத்தது?"

"ரெண்டையும் ஒண்ணாத்தானே போட்டீங்க?"

விமர்சகர் ஐயா, நீங்கள் முதிர்ச்சி என்று எழுதியது ஒன்றுமில்லாத பென்டிரைவை. நிதானம் இருக்கத்தான் செய்யும். அவர் பாடவே இல்லையே.

அண்ணன் முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் கீழே போய் வேனில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்தார். கித்தாரைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஐந்தாவது ஆல்பத்துக்குப் பாதிப் பாட்டு தயார். "போதும் லா. பாடினாலும் ஒண்ணு, பாடாட்டியும் ஒண்ணு" என்றார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவர் மைக்கை எடுக்கவில்லை. ரிப்பேர் செய்கிறார், கையைத் துடைக்கிறார், போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வாங்குவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. நேராக உங்கள் பக்கத்தைத்தான் திருப்புகிறார்.

பாட்டு உள்ள பென்டிரைவை இந்தத் தடவை நானே உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஓடுகிறதா என்று பார்த்துத்தான் கொடுத்தேன். கேளுங்கள். பிடிக்க வேண்டாம். கம்ப்ரசர் குரல் என்று எழுதுங்கள், டிரம்ஸ் கேவலம் என்று எழுதுங்கள், நான் பொறுத்துக்கொள்கிறேன். அந்த நாலாவது ஆல்பத்தை இந்தத் தடவையாவது நீங்கள் கேட்டீர்களா இல்லையா, கேட்டிருந்தால் எந்தப் பாட்டு பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை? போனில் சொல்லாதீர்கள், ஆள் விட்டுச் சொல்லாதீர்கள். அதே ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், அந்த மனிதர் கண்ணில் படுகிற மாதிரி, பதில் எழுதுங்கள்.