முரசுக்காரியின் விடுப்பு

மழை பொய்த்தாலும் ஆணைகள் பொய்க்காத கொன்றைநாட்டில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. தேர்தலில் வந்த அமைச்சரவை எதை முடிவு செய்தாலும், சந்தைத் திடலில் முரசு அறைந்து சொன்னால்தான் அது சட்டம். முரசறைகிறவர் பணியில் இருக்க வேண்டும். விடுப்பில் இருப்பவர் அறைந்தால் அது வெறும் சத்தம்.

முரசுக்காரியின் பெயர் மாசாத்தி. ஆணைகள் ஓயாமல் வந்ததால், பாவம், வேலையில் சேர்ந்த நாள் முதல் அவள் விடுப்பே எடுத்ததில்லை. அப்படியிருக்கையில், துறைமுகத்திலிருந்த அக்காளுக்குக் கண் மங்கிக்கொண்டு வருவதாகச் சேதி வந்தது. முழுவதும் இருட்டுவதற்குள் தங்கை முகத்தைப் பார்த்துவிட வேண்டுமாம். மாசாத்தி நேரே தலைமை அமைச்சர் வாகையாரிடம் போய் நின்றாள்.

"வேலைய விட்டுடறேனுங்க."

"விலகுவோர் மேலும் ஓராண்டு பணியாற்றிய பின்னரே செல்லலாம். விதி!"

"தெரியுமுங்க, நான்தானே அறைஞ்சேன். அந்த ஒரு வருசத்துக்கு என் லீவைக் கழிச்சுக்கங்க. அதுக்கு மேலயே கிடக்கு."

அமைச்சரவை கூடிக் கூடிப் பேசியது. 'விடுப்பு உண்டு, ஆனால் அதை அரண்மனை ஓய்வு மண்டபத்திலேயே அனுபவிக்க வேண்டும்' என்று ஆணை பிறந்தது. அதையும் மாசாத்தியே அறைந்தாள். அறைந்துவிட்டு மண்டபத்தில் போய் உட்கார்ந்தாள்.

உட்கார விட்டார்களா? "ஓய்வுக்கு நடுவே ஒரு சிறு வேலை" என்று கூப்பிட்டார்கள். உப்புக்கு வரி என்று அறைந்தாள். பொதுக்கிணற்றுக்குப் பூட்டு என்று அறைந்தாள். அமைச்சரவையின் காலம் முடிந்ததும், தேர்தல் வேண்டாம், அதே அமைச்சரவை நீடிக்கும் என்றும் அறைந்தாள். ஜனங்கள் உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு கேட்டார்கள்.

ஒருநாள் வாகையார் அவளைத் திடலுக்கு அழைத்து வந்து கட்டளையிட்டார்: "மாசாத்தியின் விடுப்பு அனைத்தும் தீர்ந்தது. இனி ஓராண்டு பணி. அறை!"

இன்னும் ஒரு வருசமா? அக்காள் கண் அதுவரை காத்திருக்குமா? ஓங்கிய கோல் அப்படியே நின்றது. மண்டபத்தில் உட்கார்ந்த நாள் முதல் மண்டையைக் குடைந்த சந்தேகத்தை அவள் கேட்டேவிட்டாள்.

"ஐயா, மண்டபத்துல இருந்தப்ப நான் லீவுலதானுங்களே இருந்தேன்?"

"ஐயமென்ன? பரிபூரண ஓய்வில் இருந்தாய்."

"அப்போ உப்பு வரி வெறும் சத்தமுங்களா?"

திடலில் சலசலப்பு. "கிணத்துப் பூட்டு?" என்றார் குடத்தோடு நின்ற ஒருவர். "அடேயப்பா, அப்போ இவங்க பதவி?" என்றாள் மீன்காரி.

வாகையாருக்கு வியர்த்துக் கொட்டியது. "திருத்தம்! நீ பணியில்தான் இருந்தாய். ஒரு நொடிகூட ஓயவில்லை!"

"அப்படின்னா விலகறவங்க பாக்க வேண்டிய ஒரு வருச வேலை அப்பவே முடிஞ்சுதுங்க. நான் வரேன்." கோலை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

'திடலில் எவரும் எதுவும் கேட்கவில்லை' என்று அவசரமாக ஓர் ஆணை தயாரானது. அதை அறையத்தான் ஆள் இல்லை.

துறைமுகத்தில் அக்காள் கண்ணை இடுக்கி, முகத்தைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். "அடிப்பாவி, இப்படி நரைச்சுட்டியே!" என்று அழுதாள், சிரித்தாள். நடந்ததையெல்லாம் தெரிந்துகொண்ட பின் கேட்டாள்: "ஆமா, இப்ப உங்க ஊரை யாருடி ஆள்றா?"

"அதையேதான்க்கா திடல்ல எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க. பதில் தெரியாம யாரும் வீட்டுக்குப் போறதா இல்லை."