வலித்தால் இடது கையைத் தூக்கவும்

காலையிலிருந்து நான்காவது இடது கை உயர்ந்தபோது பல் டாக்டர் துளைக்கும் கருவியை நிறுத்தினார்.

"வலிச்சா பேச வேணாம், இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்" என்று நாற்காலியில் சாய்பவர்களிடம் அவர் இருபது வருடமாகச் சொல்லி வருகிறார். அப்படித் தூக்கிய கைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவ்வளவு கைராசி. பல்லைப் பிடுங்கும்போதே குறட்டை விட்டவர்கள்கூட உண்டு. இந்த மூன்று மாதமாகத்தான் சின்னச் சொத்தையை அடைக்கப் போனாலும் கை விறைப்பாக எழுந்து நிற்கிறது.

"ரொம்ப வலிக்குதா சார்?"

நாற்காலியில் இருந்த வங்கி மேலாளர் விட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் "ஊங்" என்றார். கண்ணோரம் நீர் வேறு.

டாக்டர் மரத்துப்போக இன்னொரு ஊசி போட்டார். பத்தே நிமிடத்தில் மறுபடியும் கை. இன்னொரு ஊசி. மேலாளர் கோணிய வாயோடு எழுந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்."

"ஒந்நுமிந்ந" என்று கூச்சத்தோடு சொன்ன மேலாளர், நாளைக்கே அடுத்த பல்லையும் பார்த்துவிடலாம் என்று சைகை காட்டினார். வேதனையை ஒரேயடியாக முடித்துவிடப் பார்க்கிறார், பாவம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், என் கை போச்சு" என்றார் நர்ஸிடம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். பயம்தான். பராக்கு காட்டத்தானே மேல டிவி மாட்டியிருக்கோம். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாப்போம்."

விட்டத்தில் இருந்த டிவியில் முன்பெல்லாம் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துத் தூக்கம் வருகிறது என்று சிலர் சொன்னதால் நர்ஸ் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் போட்டுவிட்டாள். ஜப்பானிய மொழியில் கத்துவார்கள், கீழே தமிழ் எழுத்து ஓடும். டாக்டருக்குக் கத்தல் மட்டும்தான் காதில் விழும். அவர் குனிந்து வாய்க்குள் பார்ப்பவர். உமிழ்நீர்க் குழாயைப் பிடிக்கும் நர்ஸும் அப்படித்தான்.

"என்னதான் கதை அது?"

"வீட்டுல என் பொண்ணு டிவி பாக்கறப்ப நானும் ரெண்டு மூணு பாகம் பாத்திருக்கேன். ஒரு தபால்காரன். ஒரே ஒரு கடுதாசியைக் கொண்டு போய்ச் சேக்க நூத்திப் பன்னெண்டு பாகம் சண்டை போடறான். கோபம் வந்தா மீசை தீப்பிடிச்சுக்கும். அடிக்கறதுக்கு முன்னாடி, 'பதிவுத் தபால் குத்து'ன்னு அடியோட பேரைச் சொல்லிட்டுதான் அடிப்பான்."

"பேரைச் சொன்னா எதிரி விலகிட மாட்டானா?"

"விலகினா மரியாதை இல்லயே டாக்டர். வாங்கிக்குவான். அப்புறம் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுவாங்க. பாக்கறப்ப சிரிப்பாத்தான் இருக்கும். ஆனா எந்திரிக்க மனசு வராது."

சத்தத்தைக் கூட்டினார்கள். கைகள் இன்னும் வேகமாக எழுந்தன. டாக்டர் மெல்லிய ஊசி வாங்கினார். எழுந்தன. பராக்கு போதவில்லையோ என்று சுவரளவு டிவி வாங்கி விட்டத்தில் மாட்டினார். அன்று ஒரு தையல்காரர் கையைத் தூக்கியவர் கீழே இறக்கவே இல்லை. டாக்டர் பயந்துபோய்ப் பாதிச் சொத்தையோடு அவரை அனுப்பிவிட்டார்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். "காலேஜ்ல பாடம் எடுக்கக் கூப்பிடறாங்க. போயிடலாம்னு இருக்கேன். பாடம் நடத்தினா யாருக்கும் வலிக்காது."

"நீங்க இல்லாம அந்த நாற்காலி எதுக்கு இருக்கு?" என்றாள் அவள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் சட்டைப் பையில் சம்மதக் கடிதத்தோடு வந்தார். முதல் ஆள், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை. குறும்புக்காரப் பிள்ளைகள்கூட அவர் நிழலைக் கண்டால் நிமிர்ந்து நிற்பார்கள். பல்லைச் சுத்தம் செய்ய மட்டும் வந்திருந்தார். ஊசி கிடையாது, வலிக்க வழியே இல்லை. இவரும் கையைத் தூக்கினால் கடிதத்தைத் தபாலில் போட்டுவிடுவது என்று டாக்டர் முடிவு செய்தார்.

மேலே டிவி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் கையுறையை மாட்டி, கருவியைத் தேடி எடுத்தார். திரும்பினால், தலைமையாசிரியையின் இடது கை உயர்ந்து நின்றது.

"அம்மா, நான் இன்னும் உங்க வாயையே தொடலையே."

கை மட்டும் இன்னும் ஒரு சாண் உயர்ந்தது.

டாக்டர் கருவியைத் தட்டில் வைத்தார். கையுறையைக் கழற்றினார். "பக்கத்துல வந்தாலே வலிக்குதுன்னா, இனிமே நான் இந்த வேலையைச் செய்யக் கூடாது. இன்னையோட விட்டுடறேன்ம்மா" என்றார்.

தலைமையாசிரியை விட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதை அப்புறமா விட்டுக்கலாம் டாக்டர், முதல்ல நீங்களும் சிஸ்டரும் இடது கையைத் தூக்குங்க, பாக்கறவங்க எல்லாரும் தூக்கினாத்தான் தபால்காரனுக்குத் தெம்பு வரும்னு கீழ எழுத்துல போடறான்."