எடையில்லாத தண்ணீர்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டருக்குக்கூட இவ்வளவு கூட்டம் நின்றதில்லை. நடுவில் சொட்டுச் சித்தர். அவர் முணுமுணுத்து ஊதிய தண்ணீருக்கு எடையே கிடையாதாம். உடம்பில் தங்காமல் நேரே உயிரில் போய்ச் சேருமாம். உயிருக்குக் குழாய் இணைப்பு கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர்களும் பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள்.

உள்ளே நர்ஸுக்குத் தலை சுற்றியது. குழந்தைக்குள் போகும் ஒவ்வொரு மில்லியையும் அவள் எழுத வேண்டும். வெளியே வருவதை டயாப்பரை எடைபோட்டு எழுத வேண்டும். மூன்றாம் கட்டில் குழந்தைக்கு வாய்வழியே தண்ணீர் கூடாது என்பது உத்தரவு. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஒரே நாளில் எடை முந்நூறு கிராம் ஏறி, முகம் வீங்கி, அதிகத் தண்ணீரில் கரைந்ததுபோல் இரத்தத்தில் உப்பு மளமளவென்று இறங்கி, காலையில் வலிப்பே வந்துவிட்டது. டாக்டர் உப்பு மருந்து ஏற்றி நிறுத்தினார். இன்னொரு தடவை வந்தால் மூளை தாங்காது என்றார்.

"அம்மா, மறைக்காம சொல்லுங்க. பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

"சத்தியமா ஒண்ணும் குடுக்கல சிஸ்டர். சாமி தண்ணி மட்டும்தான். அதுதான் கணக்குலயே வராதே."

நர்ஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுது வீங்கிய தாயின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. நர்ஸ் பாட்டிலை வாங்கிக்கொண்டு, டயாப்பர் எடைபோடும் தராசோடு வாசலுக்கே போனாள்.

காலி டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கினாள். சாமி தண்ணீர் நூறு மில்லி ஊற்றினாள். நூறு கிராம். கொட்டிவிட்டு, கைகழுவும் குழாயில் நூறு மில்லி பிடித்து வைத்தாள். அதே நூறு கிராம்.

சித்தர் தாடியைத் தடவினார். "தராசுக்கு நம்பிக்கை இல்லம்மா."

"நம்பிக்கை இருந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் சாமி வலிப்பு வந்துச்சு."

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "ரெண்டும் ஒரே தண்ணிதானே சிஸ்டர். தினமும் காலையில இந்தக் குழாயிலதான் சாமி பிடிக்கிறாரு."

சித்தருக்கு அவசரமாக வேறொரு பக்தர் நினைவுக்கு வந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினார். தாய்மார்கள் பாட்டில்களைத் தொட்டியில் கவிழ்த்தார்கள். மூன்றாம் கட்டில் குழந்தையின் இரத்தத்தில் உப்பு மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகும், வரிசையில் நின்றிருந்த கோட்டுப் போட்ட ஒருவர் தராசின் முன்னால் நின்று, கண்மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கும்பிடாதீங்க சார்," என்றாள் நர்ஸ். "கண்ணைத் திறந்து நம்பரைப் படிங்க."